பிரிக்காத பெட்டி

அப்பா போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்.

"அம்மாகிட்ட நல்ல சேதி மட்டும்தான் சொல்லணும். கண்ணைக் கசக்குற வேலையே கூடாது. புரிஞ்சுதா?"

யாருக்கு இந்தச் சட்டம்? தெருவிலேயே பெரிய வாயாடிக்கு! வீட்டில் அவளுக்குப் பேரே வாயாடிதான். காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால், தூக்கத்தில் உளறுவதற்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பாள். அவள் வாய்க்குப் பூட்டு போட்டால் என்ன ஆகும்? பாவம், உள்ளேயே எல்லாம் சேர்ந்து நெஞ்சு கனத்துப்போயிற்று.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். குறைமாதத்தில் பிறக்கிற குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் படிப்பு ஒன்றுக்காக வெளிநாடு போயிருந்தாள். ஒரு வருடப் படிப்பு. கிளம்பிய அன்று, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மஞ்சள் சட்டையை வைத்தாள்.

"இது நான் திரும்பி வரும்போது போட்டுக்க" என்றாள்.

அன்றிலிருந்து வாயாடிக்குக் கண்ணை மூடினால் மஞ்சள் சட்டைதான். அதைப் போட்டுக்கொண்டு அம்மா வாசலில் வந்து நிற்பாள். கண்ணைத் திறந்தால் வாசலில் அப்பா பழுது பார்க்கும் சைக்கிள்கள்தான் நிற்கும்.

தினமும் சாயங்காலம் அம்மா வீடியோவில் வருவாள். இங்கே பொழுது சாயும்போது அங்கே அப்போதுதான் விடியுமாம்; ராத்திரி வேலை முடிந்து அம்மா ரூமுக்கு வரும் நேரம். அம்மா வருவதற்குள் வீட்டில் ஒரே அமர்க்களம். துவைக்காத துணியெல்லாம் சோபாவுக்குப் பின்னால் போகும். அடிப்பிடித்த பாத்திரம் மேசைக்கு அடியில் ஒளியும். அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொள்வார். இடுப்புக்குக் கீழே மட்டும் கடையில் போடும் கிரீஸ் படிந்த கால்சட்டை. அதுதான் ஃபோனில் தெரியாதே!

அன்றைக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. தம்பி சைக்கிளிலிருந்து விழுந்து, இடது கன்னத்தில் தையல் போட்டிருந்தது.

"சின்னவனே, வலது பக்கம் மட்டும் காட்டு. திரும்பிடாதே" என்றார் அப்பா.

அம்மா வந்தாள். மூவரும் வரிசையாக உட்கார்ந்து பல்லைக் காட்டினார்கள்.

"எப்படி இருக்கீங்க?"

"சூப்பர்!" என்றார் அப்பா.

"சாப்பாடெல்லாம்?"

"சூப்பர்!" என்றாள் வாயாடி. மதியம் சாப்பிட்டது வெறும் ரொட்டி.

"சின்னவன் ஏன் ஒரு பக்கமாவே உட்கார்ந்திருக்கான்?"

"அது ஸ்டைலும்மா!" என்றான் தம்பி. வலித்தது போலிருக்கிறது, கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"நீ எப்படி இருக்கே?" என்று அப்பா கேட்டார்.

"எனக்கென்ன, சூப்பரா இருக்கேன்" என்றாள் அம்மா.

அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. கையை ஆட்டினார்கள். அப்பா எழுந்து வாசலை ஒட்டிய சைக்கிள் கடைக்குப் போய்விட்டார். தம்பியும் பின்னாலேயே ஓடினான்.

வாயாடி ஃபோனை எடுத்தாள். யாரும் அதை அணைக்கவில்லை போலிருக்கிறது. அங்கே அம்மா இன்னும் தெரிந்தாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். காலில் ஷூகூடக் கழற்றவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் பெட்டி திறந்தபடி கிடந்தது. எல்லாத் துணியும் அதிலேயே இருந்தது. மேலாக, அந்த மஞ்சள் சட்டை.

வாயாடி கத்திவிட்டாள்.

"அம்மா!"

அம்மா திடுக்கிட்டாள். அவசரமாகக் கண்ணைத் துடைத்தாள். "ஃபோனை வைக்கலியா? ஒண்ணுமில்லடா, தூசி..."

"பொய் சொல்லாதேம்மா. ஏன் இன்னும் பெட்டியைப் பிரிக்கல?"

அம்மா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பிரிக்கவே மனசு வரலடி. இங்க ஒருத்தரையும் தெரியல. அவங்க வேகமா பேசறதுல பாதி புரியல. ரூமுக்கு வந்தா ஒரு சத்தம் இல்ல. நீங்க மூணு பேரும் நான் இல்லாமலே ஜம்முனு இருக்கீங்க. அதைப் பார்த்ததும் என்னால தாங்க முடியல."

"ஜம்முனா? நாங்களா?"

அவ்வளவுதான். பூட்டு படாரென்று திறந்துகொண்டது. வாயாடி ஃபோனைத் திருப்பிச் சோபாவின் பின்னால் காட்டினாள். துணி மலை! மேசைக்கு அடியில் காட்டினாள். கருகிப்போன பாத்திரம்! அப்படியே கடைக்கு ஓடி, தம்பியின் கன்னத்தைக் காட்டினாள்.

"ஐயோ! தையலா?" என்று கத்தினாள் அம்மா.

தம்பிக்கு அந்த ஒரு குரல் போதும். "வலிக்குதும்மா" என்று ஓவென்று அழ ஆரம்பித்தான்.

அப்பா திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தக் கால்சட்டையோடயா என் சோபாவுல உட்கார்ந்தீங்க?" என்றாள் அம்மா. அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது.

அப்பா அசடு வழிந்தார். "இதெல்லாம் தெரிஞ்சா நீ எப்படிப் படிப்பே? அதான்..."

"நீங்க என்னைத் தேடவே இல்லைன்னு நான் இங்க உட்கார்ந்து அழுதுட்டிருந்தேன்!" என்றாள் அம்மா. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போதும். நான் கிளம்பி வந்துடறேன். பெட்டியைப் பூட்டினா வேலை முடிஞ்சுது" என்றாள்.

அப்பா வாயாடியையே பார்த்தார்.

'வந்துடும்மா' என்ற வார்த்தை வாயாடியின் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் போதும், அம்மா வந்துவிடுவாள். மஞ்சள் சட்டையோடு வாசலில் நிற்பாள்!

ஆனால் அவளுக்கு இன்னொரு நாள் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா அன்றும் இப்படித்தான், ஷூவைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கை அளவே இருந்த ஒரு பாப்பா அன்றைக்குப் பிழைக்கவில்லை. "எனக்கு இன்னும் கொஞ்சம் தெரிஞ்சிருந்தா..." என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தக் கொஞ்சத்தைத் தெரிந்துகொள்ளத்தானே போனாள்?

வாயாடி ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"வராதேம்மா" என்றாள். "படிச்சு முடிச்சுட்டு வா."

அம்மா அவளையே பார்த்தாள்.

"ஆனா ஃபோனை மட்டும் வைக்காதே. இனிமே வரிசையா உட்கார்ந்து பல்லைக் காட்டுற வேலை வேணாம். ஃபோன் இங்க கடை ஜன்னல்ல இருக்கட்டும். நாங்க எங்க வேலையைப் பார்க்கறோம், நீ உன் வேலையைப் பாரு. பேச்சு வந்தா பேசலாம்."

"உனக்குப் பேச்சு வராம இருக்குமா?" என்றார் அப்பா. அவர் குரலும் சரியில்லை.

அப்படியே செய்தார்கள். ஜன்னலில் ஃபோன் நின்றது. அப்பா சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். தம்பி எல்லா சைக்கிளின் மணியையும் அடித்துப் பார்த்தான். "டேய், காது போகுதுடா!" என்று அம்மா அங்கிருந்து கத்தினாள். வாயாடி கணக்குப் போட உட்கார்ந்தாள்.

"சரி, உன் வேலை என்னம்மா?" என்று கேட்டாள்.

அம்மா குனிந்து ஷூவைக் கழற்றினாள். "பெட்டியைப் பிரிக்கிறது" என்றாள்.

ஒவ்வொரு துணியாக அலமாரிக்குப் போனது. பெட்டி காலியாகக் காலியாக வாயாடியின் கணக்கு பாதியில் நின்றுபோனது. கடைசியில் அந்த மஞ்சள் சட்டை மட்டும் அம்மா கையில் மிஞ்சியது.

"இதை எங்க வைக்கட்டும்?"

வாயாடி அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"எல்லாத்துக்கும் அடியில வைம்மா. அது இப்போதைக்கு வேணாம்."

கணக்கு நோட்டில் பொட்டென்று ஒரு சொட்டு விழுந்தது. அவள் துடைக்கவில்லை. அந்தச் சட்டம்தான் இப்போது இல்லையே.

"அழறியாடி?"

"ஆமாம்மா. நீ?"

"நானும்தான்."

"சரி" என்று மூக்கை உறிஞ்சினாள் வாயாடி. "அழுதுட்டே மடி. ஒழுங்கா மடி. வரும்போது கசங்கியிருக்கக் கூடாது."