வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்கிவிடவும்

சிதம்பரம் தெற்கு வீதியிலிருந்து பிரியும் அந்தச் சந்தில் வீட்டைக் கண்டுபிடிக்கவே சுரேந்தருக்கு அரை மணி நேரம் ஆனது. உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பழைய ஓட்டு வீடு, கதவு விரியத் திறந்திருந்தது, ஆனாலும் உள்ளே இருட்டு தேங்கி நின்றது. வருடக்கணக்காகப் பூட்டி வைத்த மரப்பெட்டியைத் திறந்தால் ஒரு வாடை வருமே, அது வாசல் வரை வந்து அவனை வரவேற்றது.

சுரேந்தருக்குச் சொந்த ஊர் கடலூர் பக்கம் சோனங்குப்பம். அப்பாவுக்கு வலையும் படகும். இவன் டிப்ளமோ படித்து சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குப் போனவன். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பான். ஆள் ஆறடி, அதற்கேற்ற அகலம். சாதாரண கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், குழந்தையிடமிருந்து விளையாட்டுச் சாமானைப் பிடுங்கிக்கொண்டவன் மாதிரி இருப்பான். குழுவில் கேலி தாங்கவில்லை. அதனால்தான் ஜம்போ கிடார் மேல் ஆசை. பெரிய வயிறு, பெரிய சத்தம், உள்ளேயே மைக், ஒயரைச் சொருகினால் ஆம்ப் பெட்டியில் கேட்கும், சுருதி சேர்க்க முள் ஆடும் ஒரு சின்னத் திரையும் உண்டு. புதிது வாங்க வசதியில்லை. போனில் பார்த்த விளம்பரத்தில் பாதிக்கும் குறைவான விலை போட்டு, அடியில் ‘அவசரம்’ என்று ஒரு வார்த்தை இருந்தது. மலிவாகக் கிடைக்கிற பொருளுக்கு என்ன அவசரம் என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. ஆசைப்பட்டவன் எப்போது கேட்டான்?

வீட்டுக்காரர் தில்லைநாதனுக்கு அறுபது வயதிருக்கும். கிடாரை உடம்பில் படாமல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். தேன் நிறப் பலகை. சுரேந்தர் மடியில் வாங்கி ஒரே ஒரு முறை வருடினான். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கு வந்தது. அந்த நிமிடமே அவன் விழுந்துவிட்டான்.

“நீங்க பாடுவீங்களா?”

குரல் இல்லை, வெறும் காற்று. திரும்பினான். சமையலறை நிலைப்படியில் ஒரு அம்மாள் நின்றிருந்தார், தில்லைநாதனின் மனைவி ஞானாம்பாள்.

“தொண்டையில கோளாறு. முன்னல்லாம் நல்லாப் பாடுவா,” என்றார் தில்லைநாதன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“நான் வாசிக்கறதோட சரிம்மா. என் வூட்டுக்காரிதான் பாடும்,” என்றான் சுரேந்தர்.

அந்த அம்மாள் மூன்றே எட்டில் வந்து கிடாரின் கழுத்தைப் பிடித்தார்.

“வேணாம்.”

“ஞானாம், சும்மா இரு.” தில்லைநாதனின் கை அவர் கையைப் பிரிக்கப் பார்த்தது. அவர் விடவில்லை.

கிடார் கைநழுவிப் போகிறதே என்ற பதைப்பில் சுரேந்தர் வாயில் வந்ததைச் சொன்னான். “வூட்டுக்கு எடுத்துக்கினு போவ மாட்டேம்மா. எங்க குழு ரூம்லயே வெச்சிருப்பேன். வூட்டுக்காரி இதைக் கண்ணால கூடப் பாக்காது.”

பச்சைப் பொய். அந்த அம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒவ்வொரு விரலாக எடுத்தார்.

“வாசிச்சி முடிச்சதும் ஒயரைப் புடுங்கிடுங்க தம்பி. சொருகி வெச்சாப்ல விடாதீங்க.”

சுரேந்தருக்குச் சிரிப்பு வந்தது. ஒயர் சொருகியிருக்கும்வரை இந்த மாதிரி கிடாரின் உள் மைக் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி தீர்ந்துவிடும். கிடார் பிடித்த முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்கிற சங்கதி. மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுத் தருகிறாரே என்று நினைத்தபடி தலையாட்டிவிட்டு வந்தான்.

கடலூர் முதுநகர் வீட்டுக் கூடத்தில் அதைப் பார்த்ததும் இசைவாணி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “இன்னா மாமா, இது கிடாரா, அண்டாவா?”

இசைவாணி அவனுக்கு அத்தை மகள். கல்யாணமாகி நான்கு வருடம். இசைப் பள்ளியில் படித்து முடித்து, வேலைக்காகக் காத்திருந்தவள். குறிஞ்சிப்பாடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கார்த்திகைக் கடைசியில் நேர்முகம். நான்கு பேர் முன்னால் பாடிக் காட்ட வேண்டும். அவள் குடும்பத்தில் அதுவரை மாதச் சம்பளம் வாங்கிய பெண் கிடையாது. “கிடைச்சிடும் இல்ல மாமா?” என்று தினமும் ஒரு தடவையாவது கேட்பாள். அந்தக் குரலுக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும் என்பது சுரேந்தரின் எண்ணம். அது வெறும் புருஷன் பாசம் இல்லை, உண்மையும்கூட.

தினமும் காலையில் அவன் வாசிக்க அவள் பாடினாள். முதல் வாரம் ஒழுங்காக ஒயரைப் பிடுங்கி வைத்தான். அப்புறம் ஒருநாள் மறந்தான். மறுநாள் பயந்துகொண்டே பார்த்தால் திரை பளிச்சென்று எரிந்தது. பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. சரி, தினமும் யார் சொருகிப் பிடுங்கிக்கொண்டிருப்பது? கூடத்து மூலையில் ஸ்டாண்டில் சாய்த்து ஒயரும் ஆம்புமாக அப்படியே விட்டுவிட்டான். இரண்டு மாதமாகியும் பேட்டரி தீரவில்லை என்று குழுவில் பெருமையடித்துக்கொண்டான்.

ஐப்பசி மழை தொடங்கியது. இசைவாணிக்கு மேல் ஸ்தாயி உடைந்தது.

சளி என்றார்கள். கற்பூரவல்லிச் சாறு, மிளகுப் பால், தேன். அடுத்த வாரம் நடு ஸ்தாயியிலும் மணல் விழுந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, பேச்சைக் குறையுங்கள் என்றார். பேச்சு தானாகவே குறைந்துகொண்டிருந்தது.

அவள் குரல் மெலிய மெலிய கிடாரின் சத்தம் பழுத்துக்கொண்டு வந்தது. சுரேந்தர் அதைக் கவனிக்காமல் இல்லை. இவ்வளவு குறைந்த விலைக்கு இப்படி ஒரு நாதமா என்று ரகசியமாகச் சந்தோஷப்பட்டான். அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பின்னால் அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

“மாமா.” ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது இசைவாணி கரகரத்தாள். “யாரும் தொடாதப்பவே அதுல முள்ளு ஆடுது.”

“பஸ் போனா தரை அதிரும். கம்பி ஆடும். அதை அது காட்டும்.”

“பஸ்ஸு போவல மாமா.”

அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

நேர்முகத்துக்குப் பத்து நாள் இருந்தது. புயல் சின்னம் என்று மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள். இருந்தாலும் அண்ணி மகேஸ்வரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இசைவாணி புதுச்சேரிக்குப் பெரிய டாக்டரிடம் கிளம்பினாள். சுரேந்தருக்குப் பகலில் ஓய்வு. பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போனது. காற்றாடி நின்றது, தெருவில் ஓடிய மிக்ஸிகள் நின்றன. மழைச் சத்தம் மட்டும். பட்டப்பகலில் கூடம் கருத்துக் கிடந்தது.

சாத்திய ஜன்னல்களுக்குள் ஒரு வாடை எழுந்தது. பூட்டி வைத்த மரப்பெட்டியின் வாடை.

மூலையில் பச்சை வெளிச்சம்.

கிடாரின் திரை எரிந்துகொண்டிருந்தது. முள் மெதுவாக ஏறியது, நின்றது, இறங்கியது. மறுபடி ஏறியது. ஆரோகணம், அவரோகணம். காலையில் எழுந்ததும் இசைவாணி சாதகம் செய்கிற அதே வரிசை.

பேட்டரிதான் பைத்தியமாகிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கிட்டப் போய்க் குனிந்து, பேட்டரி மூடியை நகத்தால் நெம்பித் திறந்தான்.

பேட்டரி இல்லை.

உள்ளே சிலந்தி கூடு கட்டியிருந்தது. பழைய கூடு. அந்தக் குழிக்குள் வருடக்கணக்காக எதையும் யாரும் வைக்கவில்லை.

முள் ஏறியது.

மின்சாரம் இல்லாத வீட்டில், விளக்கு அணைந்து கிடந்த ஆம்ப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

பிறகு அவள் பாடினாள்.

இசைவாணியின் குரல்தான். கரகரப்பில்லாத, இரண்டு மாதத்துக்கு முந்தைய முழுக் குரல். அதன் பின்னால் தூரத்தில் வயதான இன்னொரு பெண்குரல், கூடச் சேர்ந்து பாடாமல், எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. சுரேந்தர் காதைக் கொண்டுபோனான்.

‘புடுங்கிடுங்க. புடுங்கிடுங்க. புடுங்கிடுங்க.’

ஒயரைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தான்.

பாட்டு பாதியில் அறுந்தது. திரை அணைந்தது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தான். போன் அடித்தபோது எவ்வளவு நேரம் கழிந்திருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. மகேஸ்வரி அழுதுகொண்டிருந்தாள்.

“தம்பி, டாக்டரு ஆன்னு சொல்லுமான்னாரு. சொல்லிக்கினேதான் இருந்துச்சு. பாதியில நின்னுபோச்சு தம்பி. வாயி அசையுது, சத்தம் வரல.”

சிதம்பரம் நம்பரைத் தேடி அழுத்தினான். ஒரு பெண் எடுத்தார். வெண்கல மணி மாதிரி கணீரென்ற குரல்.

“அலோ, யாருங்க?”

“ஞானாம்பாள் அம்மாகிட்ட பேசணும்.”

அந்தக் கணீர்க் குரல் உடைந்து அழுதது. “நான்தான் தம்பி பேசறேன். இப்பதான், அரை மணி நேரம் முன்ன... சொன்னேனே தம்பி. புடுங்கிடச் சொன்னேனே.”

“எப்பிடிம்மா திரும்ப வரும்? சொல்லுங்க, உங்க கால்ல உழுவறேன்.”

“எனக்கு எப்பிடி வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்.” போன் அணைந்தது.

நேர்முக நாள் வந்து போனது. சுரேந்தர் எல்லாவற்றையும் இசைவாணியிடம் சொன்னான், சொன்ன பொய்யையும் சேர்த்து. அவள் அவனைத் திட்டவில்லை. திட்டக் குரல் வேண்டுமே. காற்றாக ஒரே வார்த்தை சொன்னாள்: “ஒடைச்சிடு.” அம்மிக் குழவியைத் தூக்கினான். உள்ளே இருப்பது அவள் குரல். பலகை உடைந்தால் அது எங்கே போகும்? குழவியைக் கீழே வைத்தான். அன்றைக்கே கிடாரைத் துடைத்து, பகல் வெளிச்சத்தில் நான்கு படம் எடுத்தான். விளம்பரத்தில் ‘அவசரம்’ என்று தட்டியபோது கை ஒரு கணம் நின்றது. பிறகு அனுப்பிவிட்டது.

தை பிறந்ததும் புவனகிரியிலிருந்து சக்கரபாணி என்பவர் கல்லூரியில் படிக்கும் மகள் அறிவுமதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் கிடாரை மடியில் வைத்ததும் அதற்குப் பின்னால் பாதி மறைந்துபோனாள். ஒருமுறை வருடினாள். கண் விரிந்தது.

“அப்பா, நெஞ்சுக்குள்ள கேக்குதுப்பா!”

“எம் பொண்ணு பாடிக்கினே வாசிக்கும் சார்,” என்றார் சக்கரபாணி. முகமெல்லாம் பெருமை.

சமையலறையிலிருந்து இசைவாணி ஓடி வந்தாள். கிடாரின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்.” காற்று.

அறிவுமதி பயந்து சுரேந்தரைப் பார்த்தாள். சுரேந்தர் தரையைப் பார்த்தான்.

“தொண்டையில கோளாறு,” என்றான். “முன்ன நல்லாப் பாடும்.”

மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாக அவனே பிரித்தான். பிரிக்கும்போது அவன் கையில் அவள் கண்ணீர் விழுந்தது. வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு, கடைசியில் மனசு கேட்காமல் சொன்னான்.

“வாசிச்சி முடிச்சதும் ஒயரைப் புடுங்கிடும்மா.”

“தெரியும்ணா. பேட்டரி போயிடும்,” என்று அறிவுமதி சிரித்தாள்.

அவன் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனான்.

பங்குனி வெயில். ஒருநாள் உச்சிப் பொழுதில் சுரேந்தர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சமையலறையில் பாத்திரம் விழுந்தது.

“மாமா!”

முழுக் குரல். ஓடினான். இசைவாணி தன் தொண்டையைத் தானே பிடித்துக்கொண்டு, தரையில் கொட்டிய சோற்றுக்கு நடுவே நின்றிருந்தாள். சந்தோஷத்தில் கட்டிப்பிடிக்கப் போனவனை ஒரு கையால் தடுத்தாள். மூன்று மாதம் கழித்து வந்த குரலில் அவள் கேட்டது ஒன்றுதான்.

“அந்தப் பொண்ணுக்குப் போன் போடு.”

போட்டான். மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள். பேச்சில்லை. தூரத்தில் சக்கரபாணியின் குரல், “யாரும்மா போன்ல? சொல்லேன்மா, ஏன் பேச மாட்டேங்கற?” என்று கேட்டுக்கொண்டே நெருங்கி வந்தது.

“அறிவுமதி?” என்றான் சுரேந்தர்.

காதோடு காதாக ஒரு காற்று.

“அண்ணா... இப்பதாண்ணா புடுங்கினேன்.”