துரைசானிக்கு ஒரு வீடு

மழைக்கு ஒதுங்கத்தான் அஞ்சலினா அந்தக் கட்டடத்துக்குள் ஓடினாள்.

விரி என்ற புறநகரில் மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அனுப்பும் கிடங்கொன்றில் அவளுக்கு வேலை. சனிக்கிழமைகளில் மத்தியானத்தோடு முடிந்துவிடும். பஸ்ஸுக்கு நடந்துபோகும் வழியில் வானம் சொல்லாமல் கொள்ளாமல் கறுத்து... கொட்டத் தொடங்கியது. கையில் குடையில்லை. அந்தத் தெருவில் திறந்திருந்தது ஒரே ஒரு கதவுதான். கைவிடப்பட்ட நாய்களைப் பராமரிக்கும் காப்பகத்தின் கதவு.

தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே போனவளை, கடைசிக் கூட்டிலிருந்து இரண்டு கண்கள் பார்த்தன.

என்ன கண்கள்! வெறுந்தேநீர் போலத் தெளிந்த பழுப்பு. கறுத்த உடம்பு, வாயைச் சுற்றி நரை. மற்ற நாய்கள் எல்லாம் குரைத்துக் குதிக்க, இது மட்டும் அசையாமல் இருந்து, அவளுக்காகவே காத்திருந்ததுபோலப் பார்த்தது. அப்பா போன பிறகு, வேலை முடிந்து வருகிறவளை வாசலில் இப்படிப் பார்த்து நிற்க ஒருவரும் இருக்கவில்லை...

கம்பி வலைக்குள் விரலை நீட்டினாள். அதே நேரம், அதே இடத்தில், இன்னொரு கையும் நீண்டது. நீளமான விரல்கள். நகத்தோரம் கிறீஸ் கறை.

"நான்தான் முதலில் வந்தேன்" என்றது கைக்குரிய குரல், ஆங்கிலத்தில்.

அஞ்சலினா விலகிக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தாள். "பெரிய ஆள்தான்... நாயை விலைக்கு வாங்கிட்டார் போல."

"இன்னும் வாங்கேல்லை" என்று தமிழில் பதில் வந்தது. "ஆள் பெரிசு எண்டது மட்டும் உண்மை."

காது மடல் வரை சுட்டது அவளுக்கு. நிமிர்ந்து பார்த்தாள். உண்மையிலேயே நல்ல உயரம். நனைந்த சட்டை, அடக்கி வைத்த சிரிப்பு, இமையில் விழாமல் நிற்கும் ஒரு மழைத்துளி. அது விழட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாளா, விழக்கூடாது என்றா... அவளுக்கே தெரியவில்லை.

"தமிழ் எண்டு முதலே சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் திட்டி முடிக்கட்டும் எண்டு நிண்டனான்."

அந்தப் பக்கம் வந்த மெலே இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் சமோவாப் பெண், சிரித்தால் கூரை அதிரும். "சரி, என்னுடைய டச்சஸை யார் வீட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறீர்கள்?"

அவ்வளவு நேரம் கூட்டை விட்டுக்கொடுக்காமல் நின்ற இருவரும் இப்போது ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

மெலே பெருமூச்சு விட்டாள். டச்சஸ் என்ற அந்த நாயை வளர்த்தவர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். நாயின் இதயம் கொஞ்சம் பலவீனம். சாகும்வரை தினமும் மருந்து கொடுக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கண்களைப் பார்த்து உருகுவார்கள். மருந்தைப் பற்றிச் சொன்னதும் பக்கத்துக் கூட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

வெளியே வந்தபோது அவன் மெலேயிடம் இரவல் வாங்கிய குடையை அவள் பக்கம் சரித்தான். பெயர் பார்த்தீபன். லிப்ட் திருத்துகிற வேலை. எப்சம் பகுதியில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறான்.

"எங்கட வீட்டுக்காரருக்கு நாய் எண்டாலே ஆகாது. எலி வாறதெண்டாலும் அவரைக் கேட்டுத்தான் வரோணும்" என்றான். "உங்களுக்கு?"

அஞ்சலினாவின் வீடு பிளாட் புஷ்ஷில். பின்னால் சின்ன வளவு. வேலி உண்டு. புல்லைக் கிண்டாமல் பார்த்துக்கொண்டால் சரி என்று வீட்டுக்காரர் எப்போதோ சொல்லியிருக்கிறார். இல்லாதது காசு மட்டும்தான். அம்மா லூசியாவுக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பகுதிநேர வேலை. இவளுடைய சம்பளத்தில் வாடகை போய், மன்னாரில் படிக்கிற தம்பிக்கும் போய்...

"அம்மாவுக்கு விருப்பமில்லை" என்றாள். முன்பின் தெரியாத ஒருவனிடம் வேறு என்னத்தைச் சொல்வது?

பஸ் வந்தது. ஏறியபிறகுதான் பார்த்தாள், அவன் இடது பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

*

அடுத்த சனிக்கிழமை மழையில்லை. ஒதுங்குவதற்குக் காரணமும் இல்லை. ஆனாலும் கால்கள் தாமாக அங்கே திரும்பின. அவன் முதலே வந்து நின்றான்.

"சும்மா இந்தப் பக்கமா வந்தனான்" என்றான்.

"நானும்தான்."

மெலே இருவரையும் பார்த்துத் தலையை ஆட்டி, கழுத்துப்பட்டிக் கயிற்றைக் கையில் கொடுத்தாள். சும்மா வருகிறவர்கள் நாயை நடத்திக்கொண்டு போகட்டுமே!

அப்படித் தொடங்கின அந்தச் சனிக்கிழமைகள். டச்சஸின் இதயம் வேகமாக நடக்க விடாது. அதனால் அவர்களும் மெதுவாக நடந்தார்கள். நீரோடைக் கரை நெடுக கோவாய் மரங்கள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தொங்கின. தலைக்கு மேலே விமானங்கள் தாழ்ந்து இறங்கின. ஒவ்வொரு விமானத்துக்கும் டச்சஸ் நின்று அண்ணாந்து பார்க்கும். அவர்களும் நிற்பார்கள். தோள்கள் தொடாத தூரம்... தொட்டுவிடக்கூடிய தூரம்...

"லிப்டுக்குள்ள ஆக்கள் மாட்டினால் என்ன செய்வியள்?"

"முதல் கதை குடுக்கிறது. பயப்படாதேங்கோ, வந்திட்டன் எண்டு. பிறகுதான் லிப்டைப் பார்க்கிறது."

அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு இருட்டில் மாட்டி நின்றால் எப்படி இருக்கும் என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்தாள். வெட்கமாக இருந்தது. தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வீட்டில் டச்சஸைப் பற்றி ஓயாமல் பேச்சு. அவன் பெயரும் இடையிடையே வந்து விழுந்தது. லூசியா கறிக்கு வெங்காயம் வெட்டியபடியே கேட்டாள்.

"டச்சஸோ? அதென்ன பேர்?"

"பிரபு வீட்டு அம்மா மாதிரியம்மா. பெரிய இடத்துப் பொம்பிளை."

"ஓ... துரைசானி! துரைசானிக்கு மருந்து வாங்க எங்களிட்ட எங்க பிள்ளை காசு?"

அஞ்சலினா வெங்காயத் தோலை அள்ளிக் குப்பையில் போட்டாள். ஆனால் அன்றிலிருந்து நாய்க்குத் துரைசானி என்ற பெயர் நிலைத்துவிட்டது. பார்த்தீபன் அதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

ஒருநாள் மெலே சிரிக்கவில்லை. காப்பகத்தில் இடமில்லை, தென்தீவில் இருக்கும் இன்னொரு காப்பகம் டச்சஸை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது என்றாள். வருகிற வாரம் அனுப்பிவிடுவார்கள். கடல் தாண்டி, புதிய கூடு, புதிய முகங்கள்... அந்த இதயம் தாங்குமா?

நீரோடைக் கரையில் வைத்து அஞ்சலினா முதல்முறையாக உண்மையைச் சொன்னாள். "அம்மாவுக்கு விருப்பமில்லை எண்டு சொன்னது பொய். எங்களிட்ட வசதியில்லை, பார்த்தீபன். கூட்டிக்கொண்டு போயிட்டு, பிறகு மருந்து வாங்க ஏலாமல் அதின்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு நிக்க என்னால முடியாது. அதைவிட இப்பவே விடுறது நல்லது."

அவன் புல்லில் குந்தினான். துரைசானியின் தலையை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை வேலையில் நிற்கும்போது மெலே அழைத்தாள். வாழ்த்துகள்! தத்தெடுக்கும் கட்டணத்தை அஞ்சலினாவின் பெயரில் யாரோ கட்டியிருக்கிறார்கள். நாயை எப்போது கூட்டிப்போக வருகிறாய்?

யாரோ... அவளுக்குத் தெரியாதா யாரென்று?

வேலை முடிந்து காப்பகத்துக்குப் போனபோது, பார்த்தீபன் தன் வான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வாடியது.

"ஆரைக் கேட்டுக் கட்டினனீங்கள்?"

"அஞ்சலினா, நான்..."

"உங்களை நம்பி என்ர மனசில கிடந்ததைச் சொன்னனான். உதவி கேட்டனானோ? ஆறுதலுக்குச் சொன்னதை அவமானமாக்கிப் போட்டியள்."

"அது உங்களோட இருக்கோணும் எண்டு மட்டும்தான் நினைச்சனான். வேற ஒண்டும் யோசிக்கேல்லை."

"அப்ப மாசாமாசம் மருந்தோட வந்து நிப்பியளோ? எங்களுக்கு நீங்கள் ஆர்? என்ன முறையில வருவியள்?"

அவன் வாயைத் திறந்தான். ஏதோ ஒன்று அவன் கண்வரை வந்து நின்றது... அவ்வளவு கிட்டத்தில் அவள் அதைக் கண்டாள். ஆனால் வார்த்தையாக வரவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. காசைத் திருப்பி வாங்கிறன்" என்றான் மெல்ல. வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

வென்றுவிட்ட மாதிரித்தான் பஸ்ஸில் ஏறினாள். இரண்டு தரிப்பிடம் தாண்டுவதற்குள் கண்ணாடியில் தெருவிளக்கெல்லாம் கலங்கித் தெரிந்தது.

*

"நாய்க்கோ, பொடியனுக்கோ?" என்றாள் லூசியா.

"என்னம்மா?"

"ஆருக்காக அழுறாய் எண்டு கேட்டனான்."

ஆறிப்போன சோற்றைப் பிசைந்தபடி இருந்த அஞ்சலினாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "ரெண்டு பேருக்கும்..."

லூசியா சோற்றுக் கோப்பையை வாங்கி வைத்தாள். மறுநாள் தன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மகளோடு காப்பகத்துக்கு வந்தாள். நாய் என்றால் தள்ளி நிற்கிற பெண். ஆனால் துரைசானி வந்து அவளுடைய சப்பாத்தின் மேல் நாடியை வைத்துப் படுத்துக்கொண்டது. லூசியா காலை எடுக்கவில்லை.

பிறகு மெலேயின் பக்கம் திரும்பி, தனக்கு வந்த தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் நேராகக் கேட்டாள். "எங்களுக்கு இந்த நாய் விருப்பம். கையில் காசில்லை. என்ன செய்யலாம்?"

அஞ்சலினாவுக்கு அப்படியே மறைந்துவிடலாம் போலிருந்தது. மெலேயோ வியந்துபோய்ப் பார்த்தாள். "இதை ஏன் முன்னமே கேட்கவில்லை?"

வயதான, நோயுள்ள நாய்களுக்கு ஒரு வழி இருக்கிறதாம். நாய் காப்பகத்தின் பெயரிலேயே இருக்கும். கடைசிவரை வளர்ப்பது நீங்கள். மருந்தும் வைத்தியமும் எங்கள் பொறுப்பு. வீடும் நேரமும் உள்ளவர்கள் கிடைப்பதுதான் கஷ்டம். விருப்பம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், தென்தீவுக்கு அனுப்புகிற பேச்சே வந்திருக்காது.

ஒரு சொல்! அந்த ஒரு சொல்லைத்தான் இத்தனை சனிக்கிழமைகளாக அவள் விழுங்கி விழுங்கி வைத்திருந்தாள். இல்லை என்று சொல்ல வெட்கம். வேண்டும் என்று சொல்ல அதைவிட வெட்கம்.

வெள்ளிக்கிழமை துரைசானி பிளாட் புஷ் வீட்டின் வரவேற்பறையில், லூசியாவின் பழைய போர்வையில், உரிமையோடு சுருண்டு படுத்தது. அஞ்சலினா போனை எடுத்தாள். எழுதினாள்... அழித்தாள்... மறுபடி எழுதினாள். 'துரைசானி எங்கட வீட்டில இருக்கிறா. வந்து பாருங்கோ.' கீழே வீட்டு முகவரியையும் சேர்த்து அனுப்பினாள்.

பதில் வரவில்லை. அந்த இரவு, அடுத்த நாள் காலை, ஒன்றும் வரவில்லை. தன்மானம் என்று எதைப் பிடித்துக்கொண்டு நின்றோம்... கை வெறுமையாக இருந்தது.

மாலையில் மழை. யன்னல் சீலையை விலக்கிப் பார்த்த லூசியா சொன்னாள், "வெளியில ஒரு வான் கனநேரமா நிக்குது. உள்ளுக்க ஒரு பொடியன். அவன்தானோ?"

அஞ்சலினா எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"எங்களைப் போல வேதமோ, சைவமோ?" லூசியாவின் விரல் கழுத்துச் சிலுவையைத் தொட்டது.

"சைவம்..." என்றாள், தரையைப் பார்த்தபடி.

லூசியா சிலுவையை விட்டு மழையைப் பார்த்தாள். "சரி. குடையை எடுத்துக்கொண்டு போ. பசியோட இருப்பான்."

அவள் குடையை எடுக்க மறந்தே போனாள். அவளைக் கண்டு அவன் பதறி இறங்கினான்.

"துரைசானி சுகமோ எண்டு கேட்டிட்டுப் போவம் எண்டு வந்தனான். கதவைத் தட்டப் பயமாக் கிடந்தது."

"நல்ல சுகம். நித்திரை."

"அப்ப... சரி." அவன் வான் கதவைப் பிடித்துக்கொண்டான். போகவில்லை.

"பார்த்தீபன்." மழை அவள் முகத்தில் வழிந்தது. "எனக்கு ஒண்டு வேணுமெண்டால் கேட்கத் தெரியாது. ஆசைப்பட்டதை வேண்டாம் எண்டு சொல்லித்தான் பழக்கம். இப்ப முதல்தரமா ஒண்டு கேட்கப்போறன். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கமாட்டன்."

"எனக்கு நீங்கள் வேணும்." சொல்லிவிட்டாள். கூரைகளிலும் புல்லிலும் விழுந்த மழைச்சத்தம் முழுவதும் அவள் காதுக்குள் இருந்தது. "காசுக்கில்லை, உதவிக்கில்லை. நீங்கள்... சும்மா நீங்கள்."

அவன் வான் கதவை விட்டான். அவளை நெருங்கி வந்து, தன் மேலங்கியைக் கழற்றி அவள் தலைக்கு மேலே பிடித்தான்.

"அண்டைக்கு என்ன முறையில வருவியள் எண்டு கேட்டனீங்கள். சொல்லியிருப்பன்... காசு கட்டிப்போட்டு அந்தக் கதையைச் சொன்னால், வாங்க வந்தவன் மாதிரி இருக்குமே எண்டுதான் வாயை மூடினனான்."

"இப்ப சொல்லுங்கோ."

வாசலில் லூசியாவின் குரல். "ரெண்டு பேரும் தடிமன் பிடிச்சுப் படுக்கப் போறியளோ? உள்ள வாங்கோ!"

"வாறம் அன்ரி!" என்று குரல் கொடுத்தான் அவன். பிறகு குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"உங்களை எனக்குச் சரியான விருப்பம், அஞ்சலினா. சம்மதமெண்டால்... உங்கட புருசனா இந்த வீட்டு வாசல்படி ஏற ஆசை."