பின்னறை நீங்கலாக

காலியாகக் கிடந்த வீட்டின் பின்னறைக் கதவை வக்கீல் தட்டிவிட்டுத்தான் திறந்தார்.

விரல் கணுவால், மெதுவாக, இரண்டு தட்டு. உள்ளே யாரோ உடை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுபோல ஒரு கணம் பொறுத்துவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தார். பின்னால் நின்ற தரகர், வீடு வாங்க வந்திருந்த அவளைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டை விற்பவர்கள் காலி செய்துகொண்டு போய் ஒரு மாதம் ஆகிறது. சாவி தரகர் கையில் இருக்கிறது. பிறகு யாருக்காக இந்தத் தட்டு?

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை அவளுக்கு. மயிரிழைக் கோணலும் கண்ணில் படும். அந்தப் பார்வை கடையோடு நிற்பதில்லை. யார் எதைச் செய்தாலும் இதில் இவருக்கு என்ன லாபம் என்று யோசிக்காமல் அவளால் இருக்க முடியாது. பத்திரம் பார்க்கும் வக்கீல்கள் இழுத்தடித்துக் காசு பார்ப்பார்கள் என்று கடையில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் இந்த அறை அவளுக்கு வேண்டும். வீடே இந்த அறைக்காகத்தான். விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த தம்பி, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் எட்டு மாதமாகத் தெருவையே பார்க்காமல் கிடக்கிறான். இங்கே படி கிடையாது. கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலம், குளியலறையும் உள்ளேயே. மாதக் கடைசிக்குள் பதிவு செய்யாவிட்டால் வீடு வேறொருவருக்குப் போய்விடும். இப்போது குடியிருக்கும் வீட்டையும் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது.

அறைக்குள் நான்கு சுவரும் ஒரு ஜன்னலும்தான் இருந்தன. வீடு முழுவதும் பாதம் பதியும் அளவுக்குத் தூசி படிந்திருக்க, இந்தத் தரையில் மட்டும் ஒரு துளி இல்லை. பூட்டிய அறைக்குரிய புழுங்கல் வாடையும் இல்லை. இப்போதுதான் யாரோ உதறிவிட்டு எழுந்த போர்வையின் வெதுவெதுப்பு, துவைத்த பருத்தியும் வியர்வையும் கலந்த மனித வாசனை, மிக லேசாக, மூக்கைத் திருப்பினால் காணாமல் போகிற அளவுக்கு இருந்தது. வக்கீல் செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைந்தார். சுவரோரமாகவே நடந்து ஜன்னலைப் பார்த்தார். வெளியே வரும்போது முதுகைக் காட்டாமல் வந்தார்.

"என்ன சார், உள்ள நீதிபதியா உட்கார்ந்திருக்கார்?" என்றார் தரகர்.

வக்கீல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

மறுநாள் அலுவலகத்தில் நான்கு பத்திரங்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பது அவர் வழக்கம்.

"எண்பத்தொம்பது வருஷத்துக்கு முன்னால வீட்டைக் கட்டினவர் வித்திருக்கார். அவரோட அண்ணன், கல்யாணம் ஆகாதவர், அப்ப வயசு நாப்பத்திரண்டு. அந்த அண்ணன் உயிரோட இருக்கிற வரைக்கும் பின்னறையில இருந்துக்கலாம்னு ஒரு வரி. பின்னறை நீங்கலாகத்தான் விக்கிறார்."

"சரி. அவர் செத்துப் போயிருப்பாரே சார்."

"செத்ததுக்குச் சான்றிதழ் எங்க? எல்லாப் பதிவேடும் பார்த்துட்டேன். அவர் இறந்ததா எங்கயும் இல்ல."

"இருந்தா இப்ப நூத்தி முப்பத்தோரு வயசு."

"கணக்கு எனக்கும் தெரியும்மா. சட்டப்படி அவர் இருக்கார்." நான்காவது பத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "இது உங்களுக்கு விக்கிறவங்க வாங்கின பத்திரம். இருபது வருஷம்தான் ஆச்சு. இந்த வரியப் படிங்க."

*பின்னறையில் குடியிருக்கும் மூத்தவர் நலமாக இருப்பதை இரு தரப்பாரும் இன்று நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள்.*

அவள் இரண்டு முறை படித்தாள். மின்விசிறியின் காற்றில் காகிதத்தின் ஓரம் படபடத்தது.

"எழுதினவன் பழைய வரிய அப்படியே காப்பி அடிச்சிருப்பான்."

"முந்தின மூணுலயும் இந்த வரி இல்ல," என்றார் வக்கீல். பத்திரத்தை மூடிவைத்தார். "வாங்காதீங்க. வாங்கித்தான் ஆகணும்னா அந்த நீங்கலாக வரிய எடுத்துடாதீங்க. அந்த அறைய விட்டுடுங்க."

அந்த அறையை விட்டுவிடுவதா! அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேறு யாருக்கோ இந்த வீட்டை முடித்துக்கொடுக்கப் பார்க்கிறார். தட்டியது, செருப்பைக் கழற்றியது, எல்லாம் நாடகம்.

பத்திர நகல்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தரகர் தனக்குத் தெரிந்த வக்கீலிடம் கூட்டிப்போனார். "விக்கிறவங்ககிட்டயே கேட்டுட்டேன்மா. அந்த அறைய அவங்க புழங்கினதே இல்லையாம். அவ்வளவுதான் விஷயம்," என்றார் வழியில். புது வக்கீல் புதுப் பத்திரத்தின் வரைவில் அந்த நீங்கலாக வரியைப் படித்துவிட்டு, "பழைய காகிதத்துல ஒட்டிக்கிட்டு வர்ற தூசுங்க இதெல்லாம்," என்று பேனாவால் ஒரு கோடு இழுத்தார். அந்த இடத்தில் வேறொரு வரி வந்தது: வீட்டின் எந்தப் பகுதியிலும் எவருக்கும் எந்த உரிமையும் இல்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

முதல் வாரம் தம்பி ஜன்னலை விட்டு நகரவில்லை. தெருவில் போகிற ஒவ்வொருவருக்கும் பட்டப்பெயர் வைத்தான். "அக்கா, இந்த வீட்டுக்கு நீதான் ராணி. நான் ஜன்னல் மந்திரி," என்றான். எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்துப் பார்த்தாள். அது போதும் என்றிருந்தது.

இரண்டாம் வாரம் அவன் குரல் தணிந்தது.

சக்கர நாற்காலியைக் கதவுக்கும் சுவருக்கும் நடுவே விடாதே என்றான். வழி வேண்டுமாம். ஜன்னலை மாலையானதும் சாத்தச் சொன்னான். கூச்சமாக இருக்கிறதாம். யாருக்குக் கூச்சம் என்று கேட்டதற்குத் தலையைத் திருப்பிக்கொண்டான். ஒருநாள் இன்னொரு தலையணை கேட்டான்.

"எதுக்குடா?"

"எனக்குத்தான்." அவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். சிவந்திருந்தது.

அந்த முதல் வக்கீல்தான் போன் செய்து இவன் மனதைக் கெடுத்திருக்கிறார். வேறு என்ன இருக்க முடியும்? ஞாயிறு மதியம், சாப்பாடு கொடுத்து, தம்பியைத் தூக்கிக் கட்டிலின் நடுவில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் சரிபார்த்துப் போர்த்திவிட்டு, முன்னறைக்கு வந்து பழைய வக்கீலைப் போனில் கூப்பிட்டாள்.

"என் தம்பிகிட்ட என்ன சொன்னீங்க?"

"உங்களுக்குத் தம்பி இருக்கிறதே எனக்குத் தெரியாதேம்மா."

அவள் சொல்லவில்லைதான். யாருக்காக அந்த அறை என்று அவரிடம் அவள் சொன்னதே இல்லை.

"அந்த வரி பத்திரத்துல இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல. எடுத்துட்டோம்."

 

"தம்பி எந்த அறையில இருக்கார்?"

அவள் சொன்னாள்.

"இவ்வளவு வருஷமா அவருக்குன்னு ஒரு இடம் இருந்துச்சும்மா. அது இல்லன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க. இனிமே அவர் எங்க இருப்பார்?" அவசரமாகத் தொடர்ந்தார். "முதல்ல தம்பிய வெளிய கூட்டிட்டு வாங்க. இப்பவே."

போனைக் கீழே வைத்தாள். வீடு அமைதியாக இருந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி ஒலித்து ஓய்ந்தது. கூடத்துத் தரையில் ஜன்னல் வெயில் கம்பி கம்பியாகக் கிடந்தது. பட்டப்பகல். பயப்பட என்ன இருக்கிறது?

பின்னறையிலிருந்து மூச்சுச் சத்தம் வந்தது. தம்பியின் மூச்சு அவளுக்குப் பழக்கம். எட்டு மாதம் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறாள். மெல்லிசாக, சீராக வரும்.

இது அதுவல்ல.

அதுவும் இருந்தது. அதற்கு மேலே இன்னொன்று. கனமாக. சளி கட்டியதாக. நிதானமாக.

கதவைத் தள்ளினாள்.

தம்பி கட்டிலின் நடுவில் இல்லை. சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தான். கால்களைத் தானாக ஒரு விரற்கடைகூட நகர்த்த முடியாதவன். உணர்வில்லாத கால்கள் ஒழுங்காக ஓரத்தில் அடுக்கப்பட்டிருந்தன. போர்வை அவன்மேல் பாதிதான் இருந்தது. மறுபாதி வெற்றிடத்தின் மேல் மேடு தட்டி, ஏறி, இறங்கி, ஏறியது.

அவனுடைய இடதுகை பக்கவாட்டில் நீண்டிருந்தது. இரண்டாவது தலையணையின் மேல். உள்ளங்கை மேலே பார்த்தபடி. முழங்கைக்கு மேலே சதை அழுந்தித் தட்டையாகி, வெளுத்திருந்தது.

"டேய்," என்றாள். 

அவன் கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன. கன்னம் நனைந்திருந்தது. உதடு அசைந்தது.

"சத்தம் போடாதக்கா. இப்பத்தான் தூங்கினார்."

அவள் ஓர் அடி வைத்தாள்.

மூச்சு நின்றது. இரண்டில் ஒன்று.

போர்வை மேட்டில் அசைவில்லை. தம்பியின் கையில் வெளுத்திருந்த தடம் மெதுவாக, ஒரு தலை புரளும் அகலத்துக்கு, அவள் பக்கமாகத் திரும்பியது.