பதினேழாம் கல்லின் முகம்

காலை 9.40.

"கோணி இருக்கா ஹரி? சீக்கிரம் எடுங்க."

ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் கிடந்த சாக்கை உருவிக்கொண்டு கடலைக் கொல்லைக்குள் ஓடினார் ஹெட் கான்ஸ்டபிள் ஹரிபிரசாத். ஓடுகிற வயசில்லை, நாற்பத்தெட்டு. எஸ்.ஐ. தேவசேனா அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, எதிரே நின்ற கல்லின்மேல் கவிழ்த்து, கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"மழை வந்தா தடயம் போயிடும்" என்றாள்.

மூடுவதற்கு முன் ஹரிபிரசாத் தன் போனில் ஒரே ஒரு படம் எடுத்திருந்தார். முழங்கால் உயரக் கான்கிரீட் கல். தலையில் சிவப்பு பெயின்ட். மேற்கே வண்டிப்பாதையைப் பார்த்த பக்கத்தில் கறுப்பில் 17. எண்ணுக்குக் கீழே யாரோ விரல்களால் மஞ்சள் இழுத்துக் குங்குமம் வைத்திருந்தார்கள். மூன்று கோடு, ஒரு பொட்டு.

வரப்பில் செங்கம்மா நின்றிருந்தாள். புருஷன் போய் ஆறு வருஷம். இந்த இரண்டு ஏக்கரைத் தவிர அவளுக்கு வேறு கதியில்லை. நேற்று சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்தவள் அவள்தான்.

"சனிக்கிழமை பொண்ணு வீட்டுக்கு குடிபாலா போனேன். அப்ப என் கொல்லைல கல்லு கெடையாது. நேத்து வந்து பாக்கறேன், நடுவுல நிக்குது."

"மஞ்சள் வெச்சது நீங்களா?"

"நான் எதுக்கு வெக்கறேன்? நேத்து வரைக்கும் கல்லையே பாக்கலியே."

"யார் மேலயாவது சந்தேகம்?"

செங்கம்மா தேவசேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்ல நீயும் பாத்தியே, தேவா. சொல்ல வேண்டியவங்க சொல்லட்டும்."

தேவசேனா ஜீப்பை நோக்கி நடந்தாள். புழுதி கிளம்பியது. ஹரிபிரசாத் ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் போனார்.

விஷயம் இதுதான். திருப்பதியிலிருந்து புத்தூர், நகரி வழியாக மாநில எல்லை வரைக்கும் புறநகர் விரைவு ரயில் வரப்போகிறது. விஜயபுரம் பக்கம் ஒரு ஸ்டேஷன். அதன் நடுப்புள்ளிதான் பதினேழாம் கல். போன புதன்கிழமை சர்வே கோஷ்டி நட்டது. இந்தச் செவ்வாய்க்கிழமை டிரோன் பறந்து படம் எடுத்தது. அந்தப் படத்தில் கல் எங்கே நிற்கிறதோ அங்கே ஸ்டேஷன். கல்லைச் சுற்றியிருக்கும் நிலம் சர்க்காருக்கு. இன்று பிற்பகல் மூன்று மணிக்குத் திருப்பதியில் கடைசிக் கூட்டம். அதில் வரைபடத்துக்குக் கையெழுத்து விழுந்துவிட்டால் செங்கம்மாவின் இரண்டு ஏக்கரும் போனது போனதுதான்.

கல் அதுவாக நடக்காது. யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். அல்லது நட்டவனே காசு வாங்கிக்கொண்டு இங்கே நட்டிருக்கிறான். சர்வே கம்பெனி எஞ்சினியர் இரண்டாவதுதான் என்று போனில் சத்தியம் செய்தார். எழுத்தில் புகாரும் அனுப்பினார்.

காலை 10.20.

கல் நட்ட சலீம் எட்டு மணியிலிருந்து ஸ்டேஷன் தரையில் உட்கார்ந்திருந்தான். உட்கார வைத்தவர் ஹரிபிரசாத். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது.

"எவ்ளோடா வாங்கினே?"

"ஒரு டீ கூட வாங்கல சார்."

"எந்தக் கொல்லைல நட்டே?"

"ஒரே நாள்ல பன்னெண்டு கல்லு சார். எல்லாம் கடலைக் கொல்லை, எல்லாத்துலயும் ஒரு போர் கெணறு. எதுன்னு சொல்றது?"

"நல்லா கதை உடறே."

தேவசேனா குறுக்கிட்டாள். "எப்படி நடுவீங்க? அத மட்டும் சொல்லுங்க."

"குழி ரெண்டடி மேடம். நம்பர் எப்பவும் வண்டிப்பாதைய பாத்துகினு இருக்கணும். பின்னாடி வர்ற ஆபீசர் ஜீப்ப உட்டு எறங்காமயே படிக்கணும் இல்ல, அதான்."

"பதினேழுல வேற ஏதாவது ஞாபகம்?"

சலீம் யோசித்தான். "அன்னிக்கு மொதல் கல்லு அது. காலைல எட்டரை இருக்கும். வெயிலு நேரா நம்பர் மேல அடிச்சுது. எழுதின பெயின்ட்டு கை எடுக்கறதுக்குள்ள காஞ்சிடுச்சு."

தேவசேனா பேனாவை மூடினாள். மூடின பேனாவை மறுபடி திறந்து, ஒன்றும் எழுதாமல் மறுபடி மூடினாள்.

காலை 11.15.

ஹேமநாத். லேஅவுட் போட்டு மனை விற்பவர். சட்டைப் பையில் கட்சித் தலைவர் படம். ஊரில் முதலில் எல்லோர் வாயிலும் வந்த பெயர் இவருடையதுதான்.

"ஏம்மா எஸ்.ஐ. காரு, கல்ல நகத்த நான் என்ன கூலிக்காரனா? நான் நகத்தினா ஸ்டேஷனையே நகத்துவேன்."

"நகத்தினீங்களா?"

"மனு கொடுத்திருக்கேன். ஸ்டேஷன் அரை கிலோமீட்டர் தள்ளி என் லேஅவுட் வாசல்ல வரணும். கல்லு செங்கம்மா கொல்லைல இருந்தா எனக்கு இன்னா, பக்கத்துக் கொல்லைல இருந்தா எனக்கு இன்னா? ரெண்டுமே எனக்கு நஷ்டம்."

மனுவின் நகலைக் காட்டினார். தேதி போன மாசம். மூன்று சிபாரிசுக் கடிதங்கள் கூடவே பின் செய்யப்பட்டிருந்தன.

பகல் 12.05.

தேவசேனாவின் அப்பா வீடும் செங்கம்மாவின் கிராமத்தில்தான். விடுப்பில் போன எஸ்.ஐ.க்குப் பதிலாக இரண்டு மாசம் பொறுப்பில் வந்திருந்தாள்; இல்லாவிட்டால் சொந்த ஊர்ப் பக்கம் யாரும் போஸ்டிங் போடமாட்டார்கள். திருப்பதிக்குப் போகிற வழி என்பதால் சலீமையும் ஏற்றிக்கொண்டு, அவள் அப்பா சின்னசாமியின் கொல்லைக்குக் கிழக்கே ஓடும் வண்டிப்பாதையில் ஜீப்பை நிறுத்தினார்கள்.

அம்மா பொன்னியம்மாள் களியும் கடலைச் சட்னியும் வைத்தாள். வலது கையில் சுண்டுவிரல் இல்லை. எப்போதோ கரும்பு ஆலை கடித்தது. மிச்சமிருக்கும் விரல்களால் களியைத் தட்டி வைக்கிற லாவகத்தை ஹரிபிரசாத் ரசித்துப் பார்த்தார்.

"நல்லா துன்னு நைனா" என்றாள் அவரிடம். "வண்டில ஒக்காந்துகினு இருக்குதே, அந்தப் புள்ளைக்கும் குடுத்தனுப்பறேன்."

"அவன் கைதிம்மா" என்றார் ஹரிபிரசாத்.

"கைதிக்குப் பசிக்காதா?"

தேவசேனா தட்டில் கை வைக்கவில்லை. "அம்மா, போன வெள்ளிக்கிழமை கொல்லைல பூசை போட்டியா?"

"எந்த வெள்ளிக்கிழமை உட்டேன்? கொல்லைல நின்னா அது சாமிதானே. கெழக்கு மொகமா பாத்து..."

"அவளுக்கு லேட்டாவுது, போவ உடு" என்றார் சின்னசாமி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நானும் வர்றேன் தேவா. மீட்டிங்க பாக்கணும்."

தேவசேனா தடுக்கவில்லை. "வா நைனா" என்றாள்.

எழுபது கிலோமீட்டர். பின்சீட்டில் ஒரு பக்கம் சலீம், மறுபக்கம் சின்னசாமி. புத்தூர் தாண்டியதும் சலீம் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "குடிங்க பெரியவரே, வெயிலு அதிகம்." சின்னசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிற்பகல் 2.50.

மண்டபம் நிரம்பி வழிந்தது. கங்காதர நெல்லூரிலிருந்து வந்த கூட்டம் ஒன்று, 'சித்தூர் என்ன பாவம் செய்தது?' என்று பதாகை பிடித்திருந்தது. புத்தூர்க்காரர்கள் ஸ்டேஷன் ஊருக்குள் வேண்டும் என்றார்கள். ஊருக்குள் வீடு இருப்பவர்கள் வெளியே போகட்டும் என்றார்கள். மேடையில் திட்ட அதிகாரி வஸுமதி மைக்கைச் சரிசெய்தபடி பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்:

"எல்லாருக்கும் ஸ்டேஷன் வேணும். யாருக்கும் தண்டவாளம் வேண்டாம்."

தேவசேனா மேடையேறினாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"மேடம், பதினேழாம் கல் இடம் மாறியிருக்கு. டிரோனுக்கு முன்னாடி."

"சர்வே ஆள்தான் தப்பா நட்டார்னு கம்பெனி சொல்லுதே. ஆதாரம் இருக்கா?"

"உங்க ஆபீஸ்ல பழைய அளவு இல்லையா மேடம்?"

வஸுமதியின் முகம் கறுத்தது. குரலைத் தாழ்த்தினார். "மூணு தலைவர்களுக்காக மூணு தடவை கோட்டை மாத்தினோம். எந்த அளவு கடைசின்னு எங்களுக்குள்ளேயே தகராறு. அதனாலதான் கல்லே சாட்சின்னு முடிவு பண்ணினோம். சொல்லவே வெட்கமாத்தான் இருக்கு."

"அப்ப கல்லையே கேப்போம்" என்றாள் தேவசேனா. ஹரிபிரசாத்தின் போனை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"இந்தக் கல்லுல மஞ்சள் இருக்கு. எங்க பக்கம் கொல்லைல எந்தக் கல்லு நின்னாலும் பொம்பளைங்க மஞ்சள் வெச்சுக் கும்பிடுவாங்க. ஆனா கிழக்கு முகத்துலதான் வெப்பாங்க. மேற்கே யாரும் வெக்கமாட்டாங்க. இங்க மஞ்சள் மேற்கு முகத்துல இருக்கு. அப்படின்னா கும்பிட்டப்ப இந்த முகம் கிழக்கே பாத்துது. கல்லு வேற இடத்துல இருந்துது."

வஸுமதி போனைக் கையில் எடுத்துப் படத்தைப் பார்த்தார்.

"நம்பர் வண்டிப்பாதையப் பாக்கணும்ங்கறது சர்வே வழக்கம். சலீம் எழுதினப்ப காலை வெயில் நம்பர் மேல அடிச்சிருக்கு. அப்ப முதல்ல நட்ட கொல்லைக்கு வண்டிப்பாதை கிழக்குல. செங்கம்மா கொல்லைக்கு மேற்குல. நகர்த்தினவர் சர்வேக்காரங்க நட்டதைப் பாத்தவர். அதே மாதிரி நம்பரைப் பாதைப் பக்கம் திருப்பி நட்டார். மஞ்சளும் கூடவே திரும்பிடுச்சு."

"கழுவியிருக்கலாமே" என்றார் வஸுமதி.

"வீட்டுப் பொம்பள கும்பிட்ட கல்லு மேடம். நகர்த்த மனசு வந்துது. கழுவ வரல."

"யார் அவர்?"

"கோடு போற வழியில, கிழக்கே பாதை இருக்கற கொல்லை ஒண்ணே ஒண்ணு." தேவசேனா மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். "சின்னசாமி. என் நைனா."

சின்னசாமி எழுந்தார். ஓடவில்லை, மறுக்கவுமில்லை. தோள்துண்டு கைக்கு இறங்கியிருந்தது.

"திங்கக்கெழமை விடியக்காலம் நகத்தினேன். மூணு ஏக்கரும் போவுதேன்னு புத்தி கெட்டுப்போச்சு. பெரிய மனுஷங்க பேப்பர்ல நகத்தறாங்க. எனக்கு பேப்பர் இல்ல, கடப்பாரை இருந்துது." பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: "செங்கம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்."

கையெழுத்து விழவில்லை. பதினேழாம் பக்கத்தை வஸுமதி கோப்பிலிருந்து உருவித் தனியே வைத்தார். கல்லைப் பழைய குழியில் நட்டு மறுபடி அளக்க உத்தரவு போட்டார். தேவசேனாவின் வீட்டு மூன்று ஏக்கரும் அந்த உத்தரவுக்குள் போயிற்று.

பிற்பகல் 4.10.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஹரிபிரசாத் சலீமுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். "உக்காருங்க சலீம் பாய்" என்றார். சலீம் உட்கார்ந்தான். அவரைப் பார்க்கவில்லை.

தேவசேனா நின்றபடியே தன் வாக்குமூலத்தைச் சொல்ல, ஹரிபிரசாத் எழுதினார்.

"செவ்வாய்க்கிழமை டிரோன் வருதுன்னு பாதுகாப்புக்கு லெட்டர் வந்துது. ஞாயித்துக்கிழமை வீட்டுல சாப்பிட்டுகினே அத நைனா கிட்ட சொன்னது நான். எழுதுங்க."

எழுதினார். அவளைக் காப்பாற்ற ஏதாவது வழி இருக்கிறதா என்று மனசு தேடியது. "மேடம், எந்த வீடுன்னு உங்களுக்குத் தெரிஞ்சது சலீம் வெயிலைப் பத்தி சொன்னப்பதானே? பத்து இருபதுன்னு போட்டுடறேன்."

"ஒன்பது நாற்பதுன்னு போடுங்க."

பேனா நின்றது.

"படத்தைப் பெருசாக்கிப் பாருங்க ஹரி. மஞ்சள்ல எத்தினி விரல்?"

போனை எடுத்துப் பெரிதாக்கினார். மூன்று. இந்தப் பக்கத்துப் பெண்கள் நான்கு விரலாலும் சேர்த்துத்தான் இழுப்பார்கள்; நான்கு கோடு விழும். களி தட்டி வைத்த கை அவர் கண் முன்னால் வந்து நின்றது. அதே கையால் சலீமுக்கும் ஒரு தட்டு போயிருந்தது.

காலையில் கொல்லையில் கிளம்பிய புழுதியும் ஞாபகம் வந்தது. அண்ணாந்து பார்த்த வானம். ஒரு துண்டு மேகம்கூட இல்லாத வானம்.

"அந்தக் கோணி..." என்றார்.

"மழைக்கு இல்ல. உங்க கண்ணுக்கு. பாத்த அந்த நிமிஷமே அம்மா கைன்னு தெரிஞ்சுது. அஞ்சு மணி நேரம் வாயத் திறக்கல. அவ்வளவு நேரமும் இவரு கைதியா இருந்தாரு." தேவசேனா சலீம் பக்கம் திரும்பினாள். பிறகு ஹரிபிரசாத்திடம் சொன்னாள்:

"எழுதுங்க."