இரண்டாவது வட்டம்

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அனுஷா காபிக் கோப்பையை மேசையில் வைத்தாள். சத்தம் வரவில்லை. இரண்டாம் சனிக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. ஏசி உறுமிக்கொண்டிருந்தது. ஹெப்பாள் பக்கம் போகும் லாரிகளின் இரைச்சலும், மழையில் நனைந்த தூங்குமூஞ்சி மரத்தின் பச்சை வாசனையும் ஜன்னல் இடுக்கு வழியே வந்துகொண்டிருக்க, அனுஷாவின் செப்பு மோதிரம் பீங்கானில் இடிக்கும் அந்த 'ணங்' மட்டும் காணோம். காலையிலிருந்து அந்தச் சத்தம் ஸ்வர்ணாவை எரிச்சல்படுத்திக்கொண்டிருந்தது. இப்போது அது இல்லாததும் பிடிக்கவில்லை.

அனுஷா வேலைக்கு வந்து இரண்டு வருடம். ஸ்வர்ணா வந்து பதினொன்று. எங்கோ ஒரு நட்சத்திரம் சாகும்போது காமாக்கதிர் வெடிப்பு சில விநாடிகள் மின்னும். அதன் பிறகு மிஞ்சும் எக்ஸ்ரே ஒளி நாளுக்கு நாள் மங்கும். மங்கத்தான் வேண்டும். அனுஷா கண்டுபிடித்ததோ ஒன்பது நாளாகியும் மங்கவில்லை. நேற்றுக் கூட்டத்தில் இயக்குநரே எழுந்து நின்று கைதட்டினார். ஸ்வர்ணாவும் தட்டினாள். வயிறு எரிய எரியத் தட்டினாள்.

வெளியிடுமுன் இன்னொருவர் அதே படங்களைத் தனியாகக் கணக்கிட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். "அக்காவே பாக்கட்டும் சார், அவங்க கை பட்டா தப்பே இருக்காது" என்று அனுஷாதான் அந்த வேலையை அவளுக்குக் கேட்டு வாங்கினாள். அந்த நல்ல மனசைத்தான் ஸ்வர்ணாவால் பொறுக்கவே முடியவில்லை.

விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் படத்தில் இரண்டு வட்டம் போட வேண்டும். ஒன்று வெடிப்பின் மேல். இன்னொன்று, பக்கத்தில் ஒன்றுமில்லாத இருட்டின் மேல். இரண்டாவதில் விழுந்த ஒளியை முதலாவதிலிருந்து கழித்தால் மிச்சம்தான் வெடிப்பின் சொந்த ஒளி. ஸ்வர்ணா இரண்டாவது வட்டத்தை இழுத்து வேறொரு நட்சத்திரத்தின் மேல் வைத்தாள். கழிக்கக் கூடாததைக் கழித்தாள். முதல் படத்தில் கால்வாசி ஒளி போய்விட்டது. அப்போதுதான் கோப்பை சத்தமில்லாமல் இறங்கியது.

"அக்கா, ஏசி ஜாஸ்தி வெச்சிருக்கீங்களா? கை காலெல்லாம் சில்லுனு இருக்கு."

"இல்லடி. அப்படியேதான் இருக்கு."

"ஒங்களுது ஆச்சா?"

"இன்னும் மூணு படம் பாக்கி."

இரண்டாவது படம். பாதி ஒளி போனது. நாற்காலியின் கிறீச்சு நின்றது. காபியின் சிக்கரி வாசனை நின்றது. பனி படிந்தாற்போன்ற அந்தத் தடுப்புக் கண்ணாடியில் கறுப்பாக விழுந்திருந்த அனுஷாவின் நிழல் சாம்பல் நிறமாகியிருந்தது.

மூன்றாவது. "அக்கா..." குரல் கீழ்மாடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. நிழலுக்குள் ஜன்னல் தெரிந்தது.

ஸ்வர்ணாவுக்குப் புரிந்துவிட்டது. கழிந்துகொண்டிருப்பது அனுஷா. வட்டத்தை ஒரு விரற்கடை நகர்த்தினால் போதும். மவுஸில் கை இருந்தது. நேற்றைய கைதட்டல் காதுக்குள் கேட்டது.

நான்காவது படத்தையும் திறந்தாள். கழித்தாள்.

பூஜ்யம்.

"அக்கா, என் கை..."

அவ்வளவுதான்.

எழுந்து எட்டிப் பார்த்தாள். காலி நாற்காலி. கோப்பை நிறையக் காபி, மேலே ஆடை. படிக்கட்டுக் கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை.

"அனுஷா?"

ஸ்வர்ணா தன் மேசைக்கு ஓடி வந்தாள். வட்டத்தைப் பழைய இடத்துக்கு இழுத்தாள். பூஜ்யம். மறுபடி இழுத்தாள். பூஜ்யம்.

கணினி மணியடித்தது. இன்றைய படம் வந்திருந்தது.

வெடிப்பு இருந்த இடம் இருட்டு. நட்சத்திரங்கள் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது வட்டத்துக்குள் மட்டும் வெள்ளைப் புள்ளிகள். ஒன்று. பத்து. நூறு. ஐந்து விரல்களின் எலும்புகள், திரையோடு அழுத்தியபடி. மோதிர விரலில் ஒரு வளையம், எலும்பைவிட வெளுப்பாக.

வட்டத்தை நகர்த்தினாள். கையும் நகர்ந்தது.

திரையை அணைத்தாள். கை அணையவில்லை. மங்கவும் இல்லை. ஒரு விரல் மெல்ல மடங்கியது.

திரைக் கண்ணாடியில், உள்ளிருந்து, 'ணங்'.