தம்பி வயிற்றுக் கிருமி

இருபது குழாய்களில் இருபது விதச் சர்க்கரை. கிருமி எதைத் தின்கிறதோ அந்தக் குழாய் மட்டும் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். அதை வைத்துத்தான் அது எந்தக் குடும்பம், எவற்றுக்கு உறவு என்று பிரிப்பார்கள். கிருமியை விட்ட மூன்றாம் நாள் மதியம், ஆய்வகத்தில் அவள் இன்குபேட்டர் என்னும் சூட்டுப்பெட்டியைத் திறந்தபோது இருபதும் சிவப்பாகவே நின்றன. ஆனால் ஓரமாக, இருக்கட்டுமே என்று வைத்திருந்த இரத்தத் தட்டில் இரத்தமும் இல்லை, அதை உறைய வைத்த ஜெல்லியும் இல்லை. வழித்துத் துடைத்தது போல வெறும் பிளாஸ்டிக் பளபளத்தது. மூடியின் உட்புறத்தில் கிருமி வெள்ளையாக ஏறி ஒட்டியிருந்தது. வெட்டிய இறைச்சியின் வெதுவெதுப்பான வாடை மூக்கில் ஏறியது.



அது அவள் தம்பியின் வயிற்றிலிருந்து வந்த கிருமி. ஆரோக்கியமான ஆள் ஒருவரின் மலம் ஆய்வுக்கு வேண்டும் என்றதும், அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் அந்த அசடுதான் டப்பாவை நீட்டினான்.

"என் வயித்துல பொறந்தது. என் பேரைத்தான் வைக்கணும், சொல்லிட்டேன்!"

பதினோரு வருடம் அடுத்தவர் கண்டுபிடித்த கிருமிகளுக்குத் தட்டு கழுவியவள் அவள். புது இனம் என்று தெரிந்ததும் தலைகால் புரியவில்லை. நான்கு நாள் முன்பு அவன் வயிற்றுவலியில் சுருண்டபோது டாக்டர் மாத்திரை கொடுத்தார். அவள்தான் தடுத்தாள்.

"ரெண்டு நாள் பொறுத்துக்கடா. மாத்திரை போட்டா கிருமி செத்துடும். எனக்கு இன்னொரு சாம்பிள் வேணும்."

"சரிக்கா."

ஆசை வெட்கம் அறியாது. இரண்டு நாள் நான்காயிற்று. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு போன் செய்தாள். எடுத்தான். ஈரமாக எதையோ உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு மெல்ல, "வலி போயிடுச்சுக்கா."

அவள் ஓடி வந்தபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. பகல் வெளிச்சம் கூடத்தில் நீளமாக விழுந்திருந்தது, ஃபிரிட்ஜ் மூடாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது, அதன் இறைச்சித் தட்டு வழித்துத் துடைத்தது போல இருந்தது, அதே வாடை சமையலறையிலிருந்து அலை அலையாக வந்தது.

தம்பி அங்கே தரையில் சுவரோடு சாய்ந்திருந்தான். வயிற்றின் மேல் துண்டு. பக்கத்தில் காய் நறுக்கும் கத்தி. மேடையில் மாத்திரை அட்டை. பத்தும் அப்படியே.

"ஒண்ணுகூடப் போடலக்கா. நீ சொன்னேன்னு."

"ஐயோ... எந்திரிடா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்!"

அவன் சிரித்தான். துண்டை எடுத்தான்.

வயிறு திறந்திருந்தது.

உள்ளே குடல் இல்லை. ஒரு சொட்டு இரத்தம் இல்லை. முதுகெலும்பின் கணுக்கள் வரிசையாகத் தெரிந்தன. விலா எலும்புகளின் அடியில் வெள்ளையாக ஏதோ ஏறிக்கொண்டிருந்தது.

அவள் பின்வாங்கினாள். அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். இரும்புப் பிடி.

"விடுடா... டேய்!"

"அதுக்குப் பசிக்குதுக்கா."

இழுத்தான். அவள் கை வயிற்றுக்குள்ளே போனது. வெதுவெதுப்பு. கூச்சம். பிறகு விரல் நுனியில் ஆயிரம் பல்.

அலறினாள். காலை அவன் நெஞ்சில் ஊன்றி, உயிரைக் கொடுத்துப் பிடுங்கினாள்.

கை வந்தது. ஐந்து விரலும் வந்தன.

எலும்பாக. சுத்தமாக. அவன் அதை ஆசையோடு பார்த்தான்.

"பேரு வெச்சுட்டியாக்கா?"