பின் இருக்கைப் பாரம்

மத்தியான வெயிலில் சிங்கராசா மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் நிறைமாத வயிற்றோடு அவருடைய மனைவி பரமேஸ்வரி. றஊப் ஓடிப்போய் வண்டியைப் பிடித்து அவளை இறக்கினான். அவன் மனைவி உம்மு ஸல்மா அவளை உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் படுக்க வைத்தாள்.

முசலிக் கரையில், கூரை போன வாப்பாவின் வீட்டுக்குத் தகரம் போட்டு, இடம்பெயர்ந்திருந்த புத்தளத்தில் பழகிய மோட்டார் சைக்கிள் திருத்தும் தொழிலை றஊப் அங்கே தொடங்கி ஒரு மழைக்காலந்தான் கழிந்திருந்தது. பக்கத்து வீடுகளில் இன்னும் ஆட்கள் வந்து சேரவில்லை.

"தம்பி, ரேஸ் குடுத்தா எஞ்சின் கத்துது. வண்டி போகுதில்லை," என்றார் சிங்கராசா.

"கிளச் வழுக்குது அண்ணன். பழைய வண்டிதானே."

"அதில ஒரு புதினம். இவவைப் பின்னால ஏத்தினா நல்லா ஓடுது. நான் தனியப் போனாத்தான் இழுக்குதில்லை."

"அப்படி எங்கயாவது நடக்குமா?" றஊப் சிரித்தான்.

சிங்கராசா சிரிக்கவில்லை. "இவவுக்கு நோக்காடு வந்தா மருத்துவிச்சியைக் கூப்பிட நான் தனியத்தானே ஓடவேணும். எப்பிடியாவது செய்து தாங்கோ."

சண்டை முடிந்த பிறகு கைமாறிக் கைமாறி அவரிடம் வந்த வண்டி அது. முதல் உரிமையாளர் யாரென்று அவருக்குத் தெரியாது.

றஊப் கேபிளைத் தளர்த்திப் பார்த்தான். சரிவரவில்லை. எண்ணெயை வடித்து மூடியைக் கழற்றினான். பிளேட்டுகள் கருகிப்போயிருந்தன. அதுவரைக்கும் எல்லாம் அவனுக்குப் பழகிய வேலைதான். கருகல் நாற்றத்துக்குள்ளே வேறொரு வாடை வந்தபோதுதான் கை ஒரு கணம் நின்றது. வற்றிய கடலின் சேற்று வாடை.

புதுப் பிளேட்டுகளை எண்ணெயில் ஊறவைத்துப் போட்டான். ஸ்பிரிங்கும் மாற்றினான். பின்னேரம் அஸர் பாங்கு கேட்ட பிறகு, ஓட்டிப் பார்க்கத் தனியே கிளம்பினான்.

கிறவல் பாதை. இரண்டு பக்கமும் உடைமுள். வண்டி சீராக ஓடியது. பாழடைந்த வீடுகளைத் தாண்டியதும் எஞ்சின் திடீரென்று அலறியது. வேகம் செத்துப்போனது. பின் சில்லின் டயர் பாரத்தில் நசுங்கி மண்ணை அரைத்தது.

புதுப் பிளேட் வழுக்க நியாயமில்லை.

வெயில் முதுகில் அடித்தது. அவனுடைய நிழல் முன்னே பாதையில் நீண்டு கிடந்தது.

அதற்கு இரண்டு தலைகள் இருந்தன.

பின்னால் இருந்த தலையின் கூந்தல் அவிழ்ந்து பறந்தது. பாதையில் காற்றே இல்லை.

இறங்கி ஓடிவிட நினைத்தான். ஈரமான இரண்டு கைகள் அவனுடைய இடுப்பைச் சுற்றி வளைத்தன. சேர்ட்டு நனைந்து உடம்போடு ஒட்டியது. ஓதத் தொடங்கினான்.

காதோரம் ஒரு பெண் குரல். களைத்த குரல்.

"தம்பி... கரையில இறக்கி விடுங்கோ."

றஊப் வண்டியைத் திருப்பினான். எப்படித் திருப்பினான் என்று பிறகு அவனுக்கே தெரியவில்லை. எஞ்சின் அலற அலற, நடை வேகத்தில், கடற்கரை வரைக்கும் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. அழுதுகொண்டே போனான்.

அலை தெரிந்த இடத்தில் கைகள் விலகின. பாரம் இறங்கியது. வண்டி துள்ளி முன்னே பாய்ந்தது.

ஈர மணலில் ஒரு பெண்ணின் காலடிகள் வண்டியிலிருந்து கடலுக்குள் போயிருந்தன. திரும்பி வந்த அடி ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டி பறந்தது. கிளச் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ், போயிட்டுது," என்று வாய்விட்டுச் சொன்னான்.

வாசலில் சிங்கராசா பதறிக்கொண்டு நின்றார். "எங்க தம்பி போனனீங்கள்? இவவுக்கு நோக்காடு தொடங்கிட்டுது!"

"அண்ணன், இந்த வண்டியில..."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேற வண்டி எங்க இருக்கு? ஓடுமோ, ஓடாதோ?"

உள்ளே பரமேஸ்வரி கத்தினாள்.

"ஓடும்," என்றான் றஊப்.

அப்போதுதான் பெற்றோல் டாங்கியின் மேலே பார்த்தான். பிள்ளைகளை முன்னால் இருத்தும் இடம். அங்கே இரண்டு சின்ன உள்ளங்கைகள் ஈரமாகப் பதிந்திருந்தன.

சிங்கராசா காணுமுன் சீலைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். அடையாளம் போய்விட்டது. திரும்ப வரவில்லை. பரமேஸ்வரியைத் தூக்கி ஏற்றினார்கள். வண்டி அம்புபோலக் கிளம்பி ஆஸ்பத்திரிப் பாதையில் மறைந்தது.

சத்தம் தேயும்வரை றஊப் வாசலிலேயே நின்றான். கையிலிருந்த சீலை பிழியலாம்போல நனைந்திருந்தது. உள்ளே உம்மு ஸல்மா பாயைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது. முற்றத்தில் வேறு யாரும் இல்லை.

அவன் உடுத்திருந்த சாரத்தை யாரோ முழங்காலுக்குக் கீழே பிடித்து, மெதுவாக இழுத்தார்கள்.